முன்னாள் ராணுவத்தினருக்கான சட்டக் கல்லூரி கிளினிக்குகள்: அரசுப் பணம் எப்படி வருகிறது, எங்கே போகிறது?

அமெரிக்காவில், கிளினிக் என்ற சட்ட உதவிப் பிரிவுகள் வழியே முன்னாள் ராணுவத்தினருக்கு இலவச சட்ட உதவி செய்யும் சட்டக் கல்லூரிகளுக்கு அரசு நிதி கொடுக்கப்போகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் சில பேச்சுகள் தவறாமல் கிளம்பும். "வீரர்களுக்கென்று தனித் துறையே இருக்கிறதே, அப்புறம் கல்லூரிக்கு எதற்குப் பணம்?" என்பது ஒன்று. "அரசே காசு கொடுத்து அரசுமீதே வழக்குப் போடச் சொல்கிறதா?" என்பது இன்னொன்று. மூன்றாவது, ஆதரவாளர்கள் செய்யும் தவறு: மசோதா நிறைவேறிவிட்டது என்றதும் பணமே கைக்கு வந்துவிட்டதாக எண்ணிக் கொண்டாடுவது.

சட்டம் படிக்காதவர்களும், அமெரிக்க நிர்வாகம் பழக்கமில்லாதவர்களும் புரிந்துகொள்ளும்படி இதை அடியிலிருந்து விளக்கப் பார்க்கிறேன். என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பணம் கல்லூரிகளுக்குத் தரும் நன்கொடை இல்லை. வீரர்களுக்குத் தருவதாக அரசே ஒப்புக்கொண்ட உதவி உரியவரிடம் போய்ச் சேர்வதற்கு ஆகும் செலவு அது. வருத்தப்பட வேண்டியது, அந்தப் பணம் துண்டு துண்டாகவும் சுற்றுவழியிலும் வருவதைப் பற்றித்தான்.

உரிமை இருந்தால் மட்டும் போதாது

நம் ஊரில் முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்கப்போன ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அவருக்குத் தகுதி இருக்கிறது. ஆனால் ஆதாரில் ஒரு பிறந்த தேதி, ரேஷன் கார்டில் வேறு தேதி. தாலுகா அலுவலகம் மனுவைத் திருப்பிவிடுகிறது. அங்கே யாரும் அவருக்கு விரோதியில்லை. எந்தத் தாளை எந்த வரிசையில் வைத்தால் மனு நகரும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் சுமார் 1.8 கோடிப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கான அரசு அமைப்பு படைவீரர் விவகாரத் துறை. 1930-இல் தொடங்கியது, 1989-இல் அமைச்சரவைத் துறையானது. மருத்துவமனைகளை நடத்துவது, கல்வி உதவி தருவது, பணியின்போது உடலுக்கோ மனதுக்கோ ஏற்பட்ட பாதிப்புக்கு மாதாமாதம் இழப்பீடு தருவது எல்லாம் இந்தத் துறைதான்.

அந்த இழப்பீட்டைக் கேட்பவர் பொதுவாக மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். இப்போது ஒரு பாதிப்பு இருக்கிறது. பணிக்காலத்தில் அதற்குக் காரணமான ஏதோ ஒன்று நடந்தது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. கேட்க எளிமையாக இருக்கும். பீரங்கிப் படையில் இருந்த ஒருவருக்கு நாற்பது வருடம் கழித்துக் காது கேட்கவில்லை என்று வையுங்கள். காது கேட்கவில்லை என்பதைப் பரிசோதனை காட்டிவிடும். பீரங்கிப் பக்கத்தில் நின்றார் என்பதைப் பணிப் பதிவேடு காட்டும். இரண்டுக்கும் உள்ள தொடர்பை யார் காட்டுவது? குடும்ப டாக்டர் "ராணுவத்தில் இருந்ததால் இருக்கலாம்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அது வெறும் ஊகம் என்று ஒதுக்கப்படும். கோப்பு முழுவதையும் படித்து, காரணங்களைச் சொல்லி, "தொடர்பு இருப்பதற்குப் பாதிக்குக் குறையாத வாய்ப்பு உண்டு" என்று எழுதினால் அது ஆதாரம். சட்டம் கேட்பது அவ்வளவுதான், பாதிக்குப் பாதி. சந்தேகம் சரிசமமாக இருந்தால் வீரருக்குச் சாதகமாகவே முடிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இவ்வளவு தாராளமான விதி இருந்தும், ஒரு வரி டாக்டர் கடிதத்தால் மனு தோற்றுப்போகிறது.

பதிவேடே இல்லாதவர்களும் உண்டு. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டி இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான ராணுவக் கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது. கொரியப் போரில் அடிபட்ட ஒருவர் தன் கோப்பு எரிந்ததற்கு எப்படிப் பொறுப்பாவார்? ஆனாலும் பழைய கடிதங்கள், உடன் இருந்தவர்களின் வாக்குமூலம், படைப்பிரிவின் நாட்குறிப்பு என்று மாற்று ஆதாரத்தை யாரோ தேடித்தான் ஆக வேண்டும்.

இதுவரை சொன்னதன் சாரம்: உதவி பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதைப் பெற ஆதாரம் வேண்டும். ஆதாரத்தைத் திரட்டித் தருவது திறமையும் நேரமும் கேட்கிற வேலை.

அப்படியானால் வழக்கறிஞர் எங்கே?

குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல் தீர்ப்பளித்தது. இழப்பீடு கேட்பது குற்ற வழக்கு இல்லை. அதனால் அந்தப் பாதுகாப்பு இங்கே கிடையாது.

காசு கொடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றால், அதற்கும் நெடுங்காலம் வழி அடைபட்டிருந்தது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-இல், வீரர்களின் ஓய்வூதிய மனுவுக்கு வழக்கறிஞர் 10 டாலருக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஏழை வீரர்களை ஏமாற்றிப் பிழைத்தவர்களைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த 10 டாலர் உச்சவரம்பு நூறாண்டுக்கு மேல் அப்படியே நின்றது. 1985-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றே சொன்னது. 10 டாலருக்கு எந்த வழக்கறிஞர் வருவார்? அந்தத் துறைச் சட்டத்தில் தேர்ந்த ஒரு வழக்கறிஞர் தலைமுறையே உருவாகாமல் போயிற்று.

1988-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இந்த நிலையை மாற்றத் தொடங்கியது. துறையின் முடிவுகளைச் சீராய்வு செய்ய, இன்று படைவீரர் கோரிக்கைகளுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் எனப்படும் தனி நீதிமன்றத்தை உருவாக்கியது. கட்டண விதிகள் அதன்பின் படிப்படியாகத் தளர்ந்தன. இன்றும் முதல் மனுவைத் தயாரித்துக் கொடுக்க யாரும் கட்டணம் வாங்கக்கூடாது. துறை முதல் முடிவைச் சொன்ன பிறகு நடக்கும் வேலைக்குத்தான் வாங்கலாம். பெரும்பாலும் ஜெயித்தால் கிடைக்கும் நிலுவைத் தொகையில் ஒரு பங்கு, 20 சதவீதம் வரை நியாயமானது என்று விதி கருதுகிறது.

இதன் விளைவைக் கவனியுங்கள். நிலுவை பெரிதாக வரக்கூடிய வழக்குக்கு வழக்கறிஞர் கிடைப்பார். முதல் மனுவுக்குக் கிடைக்கமாட்டார். வாடகை பாக்கியால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படப்போகிறவருக்கும், பணி விடுவிப்புச் சான்றைத் திருத்தக் கேட்பவருக்கும் கிடைக்கமாட்டார். அந்த வேலைகளில் பங்கு எடுக்க நிலுவை ஏதும் இல்லை.

அமெரிக்கன் லீஜியன் போன்ற படைவீரர் சங்கங்கள் இலவசமாக மனு எழுதித் தருகின்றன. அவற்றின் சேவை பெரியது, அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்டதனம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வழக்கறிஞர்கள் இல்லை. ஒவ்வொருவர் மேசையிலும் கோப்புகள் மலைபோலக் குவிந்திருக்கும். வழக்கு நீதிமன்றம் வரை போனால் நிலைமை வேறு.

டேவிட் ஹெண்டர்சன் என்ற கொரியப் போர் வீரரின் வழக்கு இதற்கு ஓர் உதாரணம். பணியில் இருந்தபோதே கடுமையான மனச்சிதைவு நோய் கண்டு விடுவிக்கப்பட்டவர், நூறு சதவீதம் பாதிக்கப்பட்டவர் என்று துறையே ஏற்றுக்கொண்டவர். வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கூடுதல் உதவி கேட்டார். மறுக்கப்பட்டது. மேற்சொன்ன நீதிமன்றத்துக்குப் போக 120 நாள் கெடு. வழக்கறிஞர் இல்லாமல் தானே அனுப்பிய மேல்முறையீடு 15 நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த நோய்தான் தாமதத்துக்குக் காரணம் என்று அவர் சொல்லியும் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அதைத் தவறு என்று ஒருமனதாகத் திருத்தியது. தீர்ப்பைக் கேட்க ஹெண்டர்சன் உயிருடன் இல்லை. தேதியைக் கவனித்துக்கொள்ள ஒரு சட்ட மாணவர் பக்கத்தில் இருந்திருந்தால்கூட அந்த 15 நாள் போயிருக்காது.

கிளினிக் என்றால் என்ன?

கிளினிக் என்ற சொல் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. சட்ட கிளினிக் என்பது சட்டக் கல்லூரிக்குள் இயங்கும் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகம். நிஜமான கட்சிக்காரர், நிஜமான வழக்கு. வேலையை மாணவர்கள் செய்வார்கள், உரிமம் பெற்ற வழக்கறிஞரான பேராசிரியர் ஒவ்வொரு தாளையும் பார்த்துக் கையெழுத்திடுவார். கட்சிக்காரரிடம் கட்டணம் கிடையாது.

மாணவர்களுக்குச் சம்பளமும் கிடையாது, பாட மதிப்பெண் அலகுதான். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதிப்படி ஒவ்வொரு சட்ட மாணவரும் குறைந்தது ஆறு அலகு செயல்முறைப் படிப்பை முடிக்க வேண்டும். கிளினிக் அதற்கு ஒரு வழி. எழுத்துமூலம் வீரர் சம்மதம் கொடுத்தால், வழக்கறிஞரின் மேற்பார்வையில் மாணவர் உதவலாம் என்று படைவீரர் துறையின் விதியே அனுமதிக்கிறது.

வில்லியம் அண்ட் மேரி சட்டக் கல்லூரி 2008-இல் தொடங்கிய கிளினிக், வியட்நாமில் இரண்டு கால்களையும் இழந்து, பின்னர் அதே கல்லூரியில் சட்டம் படித்த லூயிஸ் புல்லர் ஜூனியரின் பெயரில் இயங்குகிறது. யேல் 2010-இலும் ஹார்வர்ட் 2012-இலும் தொடங்கின. வில்லியம் அண்ட் மேரி மாணவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். திங்கட்கிழமைகளில் உள்ளூர் ஸ்டார்பக்ஸ் கடையில் உட்கார்ந்து, வருகிற வீரர்களின் கேள்விகளைக் கேட்டார்கள். அரசு அலுவலகம் என்றாலே ஒதுங்குகிறவர்கூட காபிக் கடைக்குள் வந்துவிடுவார்.

கிளினிக்குகள் செய்யும் வேலைகளிலேயே வெளியில் அதிகம் தெரியாதது விடுவிப்பு வகையைத் திருத்துவது. ராணுவத்தைவிட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு விடுவிப்பு வகை உண்டு. 'கண்ணியமான' என்பதில் தொடங்கி 'கண்ணியமற்ற' என்பது வரை ஐந்து படிகள். நடுவில் இருக்கும் 'கண்ணியமானதல்லாத' என்ற படி, நீதிமன்ற விசாரணை ஏதும் இல்லாமல் நிர்வாக முடிவாகவே கொடுக்கப்படுவது. அது வாழ்க்கை முழுவதும் கூடவே வரும். இழப்பீடு தடைபடலாம், வேலை கிடைப்பது சிரமமாகும், ஊரில் தலைகுனிவு.

கான்லி மங்க் என்ற வியட்நாம் போர் வீரருக்கு அந்த வகை விடுவிப்புதான் கிடைத்தது. போரின் தாக்கத்தால் வரும் மனஉளைச்சல் நோய் அவருக்கு இருந்தது. ஆனால் அந்த நோய்க்கு மருத்துவ உலகம் அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்ததே 1980-இல். எழுபதுகளின் தொடக்கத்தில் வெளியே வந்தவர் எந்தச் சான்றிதழைக் காட்டியிருக்க முடியும்? யேல் கிளினிக் 2014-இல் அவருக்காகவும் அவரைப் போன்ற சிலருக்காகவும் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல், இப்படிப்பட்ட மனுக்களைத் தாராள மனத்துடன் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 2015-இல் மங்கின் விடுவிப்பு திருத்தப்பட்டது, நாற்பது வருடம் கழித்து.

சுருக்கமாக: கிளினிக்கில் மாணவர் உழைப்பு, பேராசிரியர் மேற்பார்வை, கட்டணமில்லாச் சேவை. தனியார் வழக்கறிஞருக்கு லாபமில்லாத வழக்குகளே பெரும்பாலும் அங்கே வந்து சேர்கின்றன.

பணம் வரும் வழிகள்

இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று அங்கீகாரச் சட்டம்: இன்ன காரியத்துக்கு இன்ன துறை பணம் கொடுக்கலாம் என்று காங்கிரஸ் அனுமதிப்பது. மற்றது நிதி ஒதுக்கீடு: அந்த ஆண்டு பட்ஜெட்டில் உண்மையாகவே பணத்தை எடுத்து வைப்பது. முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமல் போகலாம், குறைவாகவும் நடக்கலாம். முதலாவதே நடக்காமல் போவதும் உண்டு. சட்டக் கல்லூரித் திட்டங்களுக்குப் படைவீரர் துறை நேரடியாக ஆதரவு தரலாம் என்று இல்லினாய் செனட்டர் டிக் டர்பின் கொண்டுவந்த மசோதா அந்த வகை. அறிமுகமானது செய்தியாயிற்று, ஆனால் சட்டமாகவில்லை.

நிஜமாகவே திறந்த வழி வேறொன்று. 2021 ஜனவரி 5-இல் கையெழுத்தான ஒரு பெரிய படைவீரர் நலச் சட்டத்தின் நடுவில், வீடற்ற வீரர்களுக்கும் வீடிழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கும் சட்ட உதவி தர மானியம் வழங்கும் ஒரு பிரிவு இருந்தது. மானியம் என்றால், சொன்ன வேலையைச் செய்து கணக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன் அரசு தரும் திருப்பித்தர வேண்டாத பணம். வீட்டு வழக்கு, குடும்ப வழக்கு, அரசு உதவித்தொகை பெறுவது, குற்ற வழக்கில் எதிர்வாதம், விடுவிப்பு வகையைத் திருத்துவது ஆகியவற்றுக்கு அதைச் செலவிடலாம். ஒரு பங்கு, குறைந்தது 10 சதவீதம், பெண் வீரர்களுக்காக என்று சட்டமே சொல்கிறது.

சட்டம் வந்து இரண்டரை ஆண்டு கழித்து, 2023-இல்தான் முதல் மானியங்கள் வழங்கப்பட்டன. மொத்தம் 1.15 கோடி டாலர், 79 அமைப்புகளுக்கு. ஓர் அமைப்புக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர். இது சட்டக் கல்லூரிகளுக்கென்று ஒதுக்கிய பணமும் இல்லை. சட்ட உதவிச் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் போட்டியிடும் அதே வரிசையில்தான் கல்லூரி கிளினிக்கும் நிற்க வேண்டும்.

இரண்டாவது வழி, வென்றால் வருவது. நீதிக்குச் சம வாய்ப்புச் சட்டம் என்று 1980-இல் ஒரு சட்டம் வந்தது. அரசுடன் வழக்காடி ஒருவர் வென்று, அரசின் நிலைப்பாட்டுக்குப் போதிய நியாயம் இல்லை என்றும் ஆனால், அவருடைய வழக்கறிஞர் கட்டணத்தை அரசே கொடுக்க வேண்டும். 1992-இல் அது படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. கிளினிக்குகள் அங்கே ஜெயித்தால் இந்தத் தொகை கிடைக்கும், அடுத்த வழக்குக்கு உதவும். துறைக்குள் நடக்கும் மனு வேலைக்கு இது பொருந்தாது. அதாவது, முதல் மனுவையே சரியாகப் போட்டு வீரருக்கு ஆறு மாதத்தில் உதவி வாங்கித் தந்தால் கிளினிக்குக்கு ஒரு சல்லிக்காசு வராது. தவறாகப் போன மனுவை எடுத்து வருடக்கணக்கில் வழக்காடி ஜெயித்தால் வரும். கிளினிக்கை நடத்த இந்தப் பணத்தை மட்டும் நம்பக்கூடாது என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது வழி, மாநில அரசுகள். பொதுப் பல்கலைக்கழகங்களில் கிளினிக் பேராசிரியரின் சம்பளத்திலேயே மாநிலப் பணம் கலந்திருக்கிறது. டெக்சஸ் மாநிலம் 2009 முதல் படைவீரர்களுக்கென்றே தனி லாட்டரிச் சீட்டு விற்கிறது. அந்த வருமானம் ஒரு நிதியில் சேர்ந்து, வீரர்களுக்கு உதவும் அமைப்புகளுக்கு மானியமாகப் போகிறது, சட்ட உதவியும் அதில் அடக்கம்.

பணமாக வராத உதவியும் உண்டு. சில படைவீரர் மருத்துவமனைகளில் சட்ட உதவிக்கு ஓர் அறை ஒதுக்கித் தருகிறார்கள். டாக்டரைப் பார்க்க வந்தவர் அடுத்த கதவைத் தட்டி வீட்டு நோட்டீஸைக் காட்டலாம். கணக்குப் புத்தகத்தில் இதற்கு மதிப்பு அதிகம் இராது, வீரருக்கு மதிப்பு மிக அதிகம்.

அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது?

முதல் பெரிய செலவு மேற்பார்வை வழக்கறிஞரின் சம்பளம். ஒருவர் எத்தனை மாணவர்களைக் கவனிக்க முடியுமோ, கிளினிக் அத்தனை வழக்குகளைத்தான் எடுக்க முடியும். மாணவர்கள் இலவசமாக உழைக்கிறார்கள், அப்புறம் என்ன செலவு என்று கேட்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அந்த உழைப்பை வழக்காக மாற்றுவது மேற்பார்வைதான்.

அடுத்தது மருத்துவ நிபுணர் கருத்து. முன்னே சொன்ன பீரங்கிப் படை வீரருக்காக ஒரு நிபுணர் ஆயிரம் பக்கக் கோப்பைப் படித்து, காரணம் சொல்லி அறிக்கை எழுத வேண்டும் என்றால் இலவசமாக எல்லாரும் செய்யமாட்டார்கள். மனநல வழக்குகளில் இது இல்லாமல் நகரவே முடியாது. பிறகு ஆவணங்களை வரவழைப்பது, கோப்புகளைப் பாதுகாக்கும் மென்பொருள், தொலைவில் இருக்கும் வீரரைப் பார்க்கப் போகும் பயணம்.

அரசே அரசுக்கு எதிராகவா?

இந்தக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். படைவீரர் துறையின் மனு நடைமுறை வழக்காடும் முறையில் அமைந்ததில்லை. துறை எதிர்க்கட்சியாக நின்று வாதாடுவது கிடையாது. ஆதாரம் தேட மனுதாரருக்கு உதவ வேண்டிய கடமை துறைக்கே சட்டப்படி உண்டு. ஆகவே சரியாகத் தயாரித்த மனு துறையின் வேலையைக் குறைக்கத்தான் செய்கிறது. தகுதியில்லாத மனுவை "இது நிற்காது" என்று முதலிலேயே சொல்லி வீரரின் காலத்தைக் காப்பாற்றுவதும் கிளினிக்தான்.

நீதிமன்றத்துக்குப் போகும்போது மட்டும் எதிரெதிர்ப் பக்கம். அங்கேயும் பலன் ஒருவரோடு நிற்பதில்லை. மங்கின் கதை விடுவிப்புத் திருத்தத்தோடு முடியவில்லை. அவருடைய இழப்பீட்டு மேல்முறையீடு இழுத்துக்கொண்டே போனது. அவரைப் போல் காத்திருப்பவர்கள் எல்லாருக்குமாக ஒரே வழக்கு நடத்த வேண்டும் என்று யேல் கிளினிக் கேட்டது. படைவீரர் நீதிமன்றம் அப்படிக் கூட்டு வழக்கை ஏற்கலாம் என்று 2017-இல் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை ஆயிரம் பேருக்கு ஒரே தவறு நடந்தாலும் ஆயிரம் பேரும் தனித்தனியாகவே போராட வேண்டியிருந்தது.

பணத்தோடு வரும் கட்டுப்பாடுகளையும் இங்கே பார்க்க வேண்டும். ஏழைகளின் உரிமையியல் வழக்குகளுக்கு உதவ 1974-இல் காங்கிரஸ் உருவாக்கிய சட்ட சேவைக் கழகம், நாடு முழுவதும் சட்ட உதவிச் சங்கங்களுக்குப் பணம் தருகிறது. அந்தப் பணத்தை வாங்குகிறவர்கள் கூட்டு வழக்கு நடத்தக்கூடாது என்று 1996-இல் காங்கிரஸ் தடை போட்டது. மங்கின் வழக்கை அப்படிப்பட்ட ஒரு சங்கத்தால் நடத்தியிருக்க முடியாது. கல்லூரி கிளினிக்குக்கு அரசு நிதி வேண்டும் என்று வாதிடும் நான், அந்த நிதி கிளினிக்கின் கையைக் கட்டிவிடக்கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறேன். கல்லூரியின் சொந்தப் பணமும் நன்கொடையும் ஒரு பங்காவது இருப்பது அதனால்தான் நல்லது.

இந்தப் பகுதியின் சாரம்: மனு நிலையில் கிளினிக் துறைக்குத் துணை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு. இரண்டுமே அரசு சரியான முடிவெடுக்க உதவுகின்றன. எந்தப் பணத்தோடு என்ன நிபந்தனை வருகிறது என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஓராண்டுப் பணம், பல ஆண்டு வழக்கு

மானியம் பெரும்பாலும் ஓராண்டுக் கணக்கில் வருகிறது. அடுத்த ஆண்டு கிடைக்குமா என்பது பட்ஜெட்டைப் பொறுத்தது, பட்ஜெட்டோ அரசியலைப் பொறுத்தது. மாணவர் ஒரு பருவமோ இரண்டு பருவமோதான் கிளினிக்கில் இருப்பார். ஆனால் துறையில் தொடங்கி, துறைக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டு வாரியம் போய், நீதிமன்றம் போய், மறுபடி துறைக்கே திருப்பி அனுப்பப்படும் ஒரு வழக்கு பல ஆண்டு ஓடும்.

மே மாதத்தில் ஒரு மாணவி பட்டம் வாங்கிப் போகிறார். ஒரு வருடம் பழகியதில், அவருடைய கட்சிக்காரரான வீரர் தன் மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயங்களை அவரிடம் சொல்லியிருப்பார். ஆகஸ்டில் புதிய மாணவர் வந்து கோப்பைப் புரட்டி, "ஐயா, அந்த இரவு என்ன நடந்தது?" என்று மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். இந்த இடைவெளியைத் தாங்கிப் பிடிப்பவர் நிரந்தர மேற்பார்வை வழக்கறிஞர் ஒருவர்தான். அவருடைய பதவியே ஓராண்டு மானியத்தில் தொங்கினால், அவரும் வேறு வேலை தேடத் தொடங்குவார். மானியம் நின்றால் வழக்கை அப்படியே விட்டுவிடவும் முடியாது, வழக்கறிஞர் தொழில்நெறி அதை அனுமதிக்காது. அதனால் விவரம் தெரிந்த கிளினிக்குகள் மானியம் வந்தாலும் பயந்து பயந்தே புது வழக்குகளை எடுக்கின்றன. பணம் இருக்கும்போதே முழு அளவில் வேலை செய்ய முடியாத நிலை இது.

தொகையைக் கூட்டுவதைவிட, மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு உறுதி தருவதே பெரிய மாற்றம் தரும் என்பது என் திடமான எண்ணம். அதே தொகையை நீட்டித்துக் கொடுத்தாலே ஒரு வழக்கறிஞரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். மங்கின் வழக்குகள் வென்றதற்கு யேலின் செல்வம் ஒரு காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. அந்த அளவு சொத்து இல்லாத மாநிலக் கல்லூரியின் கிளினிக்கும் பத்து வருடம் ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டிருக்க முடிய வேண்டும். அரசுப் பணம் தேவைப்படுவது அங்கேதான்.

நம்மவர்களுக்கு இதில் என்ன?

அமெரிக்கத் தரைப்படை 2009 முதல் 2016 வரை, நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) இல்லாத வெளிநாட்டவரையும் மொழித்திறனுக்காகச் சேர்க்கும் ஒரு திட்டத்தை நடத்தியது. அதில் தேவைப்பட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்தவர்களில் பலர் இப்போது முன்னாள் வீரர்கள். அவர்களில் யாரேனும் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், கிளினிக்குக்குப் போகும்போது எடுத்துப்போக வேண்டியவை இவை: டிடி-214 எனப்படும் பணி விடுவிப்புச் சான்று, துறையிலிருந்து வந்த முடிவுக் கடிதம், அது வந்த உறை, கையில் இருக்கும் மருத்துவ அறிக்கைகள். கடிதத்தின் மேலே இருக்கும் தேதிதான் முதலில் பார்க்க வேண்டியது. துறையின் முடிவை மறுத்துக் கேட்க அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு, மேல்முறையீட்டு வாரியத்தின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போக 120 நாள். கிளினிக்குகளில் சேர்க்கை கல்லூரிப் பருவத்தை ஒட்டியே நடக்கும். கோடை விடுமுறையில் கதவு மூடியிருந்தாலும் கெடு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் மே மாதத்தில் கடிதம் வந்தால் ஆகஸ்ட் வரை காத்திராமல் உள்ளூர் படைவீரர் சங்கத்திடம் அன்றே போய், அவர்கள் உதவியோடு முறையீட்டை உரிய இடத்தில் பதிந்துவிட்டு, கிளினிக் திறந்ததும் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.